ஆறு கடலுக்குப் போகாத பாட்டு

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு வளைவில் தன் வெள்ளை அம்பாசிடரைத் திருப்பிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்குத் திடீரென்று பதினோரு வயசாகிவிட்டது. அதற்கு முந்தின நொடி வரைக்கும் ஐம்பத்தொன்பது. மீசை போய், தொப்பை போய், கால் ரெண்டும் பெடலுக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் தொங்க, பக்கத்து சீட்டில் ஒன்பது வயசுச் சிறுமியாகி உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் தெய்வானை, "ஏனுங்க, பிரேக்குங்க" என்று கீச்சுக்குரலில் சொல்ல, வண்டி தன்பாட்டுக்கு உருண்டு போய், நல்ல காலம், இளநீர்க் குவியலில் முட்டி நின்றது. துணிமணியும் கூடவே சுருங்கிக்கொண்டதால் மானம் தப்பித்தது. டேப்பில் பாட்டு மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் ரெண்டு பேருக்கும் பழைய வயசு திரும்பி வந்தது, முட்டிவலியோடு சேர்த்து.

இளநீர்க்காரர் சிதறின காய்களைப் பொறுக்கிக்கொண்டே, "பையன் யாருங்க, இப்பத்தான இங்க இருந்தான்?" என்று கேட்டார். பையன் நான்தான் என்று நாச்சிமுத்து சொன்னதும், அப்படீங்களா என்று அடுத்த காயைப் பொறுக்கப் போய்விட்டார். ஏட்டு செல்லமுத்துதான் பாவம், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தார். பதினோரு வயசுப் பையன் வண்டி ஓட்டினால் வண்டியைக் கொடுத்த உரிமையாளர் மேல் கேஸ் போடவேண்டும். உரிமையாளரும் அந்தப் பையனும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. கடைசியில், ஓட்டும்போது பாட்டுப் போடாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏன் இப்படி ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரே ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் கேள்வியை விட்டுவிட்டது. மெக்கானிக் ரஷீத் பாய் டேப்பைக் கழற்றிப் பார்த்து, ஹெட்டில் தூசி, வேறொன்றுமில்லை என்று துடைத்து மாட்டினார். ஆனால் எப்படி நடக்கிறது என்பது சீக்கிரமே எல்லாருக்கும் பிடிபட்டது. அந்தக் காருக்குள் ஓடுகிற பாட்டு காதில் விழுந்தால், அது மனசாரப் பிடித்தவர்கள் அதை முதன்முதலில் கேட்ட வயசுக்குப் போய்விடுவார்கள், பாட்டு முடிகிற வரைக்கும். புத்தி இந்த வயசுப் புத்தி, உடம்பும் நாக்கும் மட்டும் அந்த வயசு. பிடிக்காத பாட்டு ஒன்றும் செய்யாது. இதில் காரை யாரும் ஏமாற்ற முடியாது. மேற்குத் தெருவுக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவர், மாமனாருக்குப் பிடித்த பாட்டு எனக்கும் உயிர் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பாட்டுக்கு மாமனார் பக்கத்தில் துள்ளுகிற இளந்தாரியாக உட்கார்ந்திருக்க, தான் மட்டும் இருந்தபடியே இருந்து அசடு வழிந்தார்.

அப்புறமென்ன, நாச்சிமுத்து வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்து நிறுத்தியிருந்த காருக்கு ஊரே வர ஆரம்பித்தது. பாங்கில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற தண்டபாணி கையில் சீப்போடு வருவார், இருபத்திரண்டு வயசில் கேட்ட பாட்டைப் போடச் சொல்லி, நாலரை நிமிஷம் ஆசை தீரத் தலை சீவிக்கொண்டு, வழுக்கையோடு இறங்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். கைவிரல் மடக்க முடியாத சரசக்கா ஏழு வயசாகிப் பின்சீட்டில் அஞ்சாங்கல் ஆடுவாள். கோயில் தர்மகர்த்தா பானெட்டுக்குப் பட்டை போடலாமா என்று கேட்டார், தெய்வானை எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மூன்று மாசத்தில் அது குழாயில் தண்ணி வருகிற நாள் மாதிரி ஆகிவிட்டது, வந்தால் போவார்கள், மறந்தால் மறந்துவிடுவார்கள்.

ஊருக்கு நல்லது நடந்தது, நாச்சிமுத்துவுக்குத்தான் வயிறு எரிந்தது. அவர் முப்பது வருஷம் நூல்மில்லில் வேலை செய்தவர். அந்த மெஷின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைக்காமல் நிற்க முடியாது. தினமும் காலையில் வாசப்படியில் உட்கார்ந்து, ஒரு சொட்டு எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து, உள்ளங்கையில் உருட்டி, பிடித்து இழுக்கத் தோதாக எலிவால் மாதிரி ஒரு முறுக்கு விட்டு, ரெண்டு காதிலும் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறுவார். ஆறு நாள் பஞ்சு வைத்த காதுக்கு ஏழாம் நாள் பாட்டு, அதுதான் அவர் வைத்திருந்த கணக்கு. பாட்டு வீட்டில் கேட்டால் அவருக்கு ஏறாது. ஞாயிற்றுக்கிழமை காரில் கேட்கவேண்டும், சம்சாரம் பக்கத்தில், மகள் பின்னால், திருமூர்த்தி அணைக்குப் போகிற ரோட்டில் ரெண்டு பக்கமும் காற்றாலை சுற்ற, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள், இது வந்தபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா என்று ஆரம்பிக்கவேண்டும். அந்த வாரா வாரம் நடந்த காரியத்தைத் தெய்வானை ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாள். வண்டி ஓடினால் டேப் ஓடக்கூடாது. அவள் சொன்னதிலும் தப்பில்லை, ரெண்டு குழந்தைகள் ஓட்டுகிற காரில் யார் போவது? பாட்டில்லாமல் நாலு ஞாயிறு அணைக்குப் போய் வந்தார்கள். நாலு ஞாயிறும் தக்காளிச் சட்னியிலிருந்து தங்கச்சி வீட்டுச் சீர் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அஞ்சாவது ஞாயிறு நாச்சிமுத்து சாவியை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் மகள் தாரணி கோயமுத்தூரில் படிப்பை முடித்துவிட்டு ஹாஸ்டலைக் காலி செய்து வந்தாள். இருபத்திரண்டு வயசு. தாரணியைப் பற்றி அவள் அப்பாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு மூன்று வயசாக இருந்தபோது, பதிவு செய்து தருகிற கடையில் ஒரு முழுப் பக்கப் பட்டியல் எழுதிக் கொடுத்து, உயிரான பாட்டுகளாகப் பொறுக்கி ஒரு கேசட் போட்டுவந்தார். வந்த மூன்றாம் நாளே அந்தப் பிசாசு கேசட்டிலிருந்து டேப்பை உருவி உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு நின்றது. பென்சில் விட்டுச் சுற்றி மீட்டார், கசங்கின துண்டை மட்டும் பிளேடால் வெட்டிவிட்டு ஒட்டுப் போட்டார். அன்றிலிருந்து அந்த முதல் பாட்டின் ரெண்டாவது சரணத்தில், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு கடலைப் போய்ச் சேர்வதற்கு ஒரு அடி முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், உடனே புல்லாங்குழல் ஆரம்பித்துவிடும். பதினோரு வயசில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அவர் கேட்ட பாட்டு அது; ஒன்பது வயசில் ரேடியோவில் தெய்வானை கேட்டதும் அதேதான், பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேரையும் கவிழ்த்ததும் அதேதான். இத்தனை பாடுபட்டும், பன்னிரண்டு வயசானதும் தாரணி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். ஒரு பாட்டுக்காவது தலை ஆட்டினாளா என்று அவர் கண்ணாடியில் பார்ப்பார், ஆட்டமாட்டாள்.

வந்து ரெண்டாம் நாள், அப்பா சோபாவில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தாரணி, "நான் ஓட்டறம்ப்பா. நீங்க ரெண்டு பேரும் பின்னால உக்காந்து கேளுங்க. எனக்குத்தான் உங்க பாட்டு ஒண்ணுமே ஏறாதே" என்றாள்.

ஏட்டு செல்லமுத்து அவ்வளவு லேசில் விடவில்லை. சோதனை பண்ணித்தான் ஆகவேண்டும் என்றார். தெருவே கூடி நிற்க, இன்ஜின் அணைத்த காரில் ஸ்டியரிங் பிடித்துத் தாரணி உட்கார, பின்னால் அப்பாவும் அம்மாவும் உட்கார, அந்தக் கேசட்டிலிருந்து வரிசையாக ஒன்பது பாட்டு ஓடியது. பின்சீட்டில் நாச்சிமுத்து பதினொன்று, பதினேழு, முப்பது என்று ஏறி இறங்கினார், தெய்வானை ஒன்பதிலிருந்து இருபதுக்குப் போய்க் கல்யாணக் களையோடு திரும்பி வந்தாள். தாரணி ஒன்பது பாட்டுக்கும் இருபத்திரண்டு. வாயில் எதையோ மென்றுகொண்டு, அவ்வப்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஒரு முடிகூட மாறாமல் உட்கார்ந்திருந்தாள். தெரு கைதட்டியது. ஏட்டு, இந்தப் பொண்ணு தாராளமா ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு, நாச்சிமுத்துவுக்குக் கைகொடுத்தார்.

நாச்சிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உள்ளே யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருபது வருஷம் போட்ட பாட்டில் ஒன்றுகூட இந்தப் பிள்ளைக்குள் இறங்கவில்லை. காருக்குப் பொய் சொல்லத் தெரியாதே. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தெய்வானை கேட்டதற்கு, குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் ஞாயிறு திரும்பி வந்தது. ஒரு வருஷத்துக்குப் பக்கமாக, மழையோ வெயிலோ, தாரணி ஓட்ட, பின்னால் ரெண்டு பேரும் வயசு மாறி மாறி உட்கார்ந்து அணைக்குப் போய் வந்தார்கள். ரோட்டோரத்தில் ஆடு மேய்ப்பவர்கள், அதோ மில்லுக்காரர் இப்பச் சின்னப் பையன், அந்தப் பாட்டுத்தான் ஓடுது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். பெண் நிதானமாக ஓட்டினாள், நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தாள். கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டாள். படித்த திமிர் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொள்வார். எப்போது பார்த்தாலும் என்ன மெல்லுற, பல்லுக்கு ஆகாது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், அவள் கண்டுகொள்ளவில்லை. இதற்கிடையில் வீட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு தெய்வானை மாசம் ரெண்டு பொட்டலம் திரிப்பஞ்சு வாங்கிவரச் சொன்னதும் அவருக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. பெண்கள் சாமி விஷயத்தில் நாம் என்ன கேட்பது என்று வாங்கிக் கொடுத்துவிட்டார்.

மறுபடி ஆடி பிறந்தது. தாரணிக்குப் புனேயில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை ரயில் என்று ஆனது. நாச்சிமுத்து பஜாரில் ஒரு பையனைப் பிடித்து, அந்தப் பட்டியலில் இருந்த பாட்டையெல்லாம் சுத்தமாக, ஒட்டில்லாமல், வெட்டில்லாமல் ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கி, மகள் பெட்டிக்கு மேலே வைத்தார். சாயங்காலம் பார்த்தால் அது ஃபிரிட்ஜ் மேலே கிடந்தது. எடுத்துக்கலயா கண்ணு என்று கேட்டார். வேண்டாம்ப்பா என்றாள், அவ்வளவுதான். அவர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மகளைப் புனேக்கு அனுப்புவதில் அவருக்குக் கஷ்டமில்லை. தன்னிடமிருந்து ஒன்றுமே எடுத்துக்கொள்ளாமல் போகிறாளே என்பதுதான் கஷ்டம். பேரை எடுத்துக்கொண்டாள், மூக்கை எடுத்துக்கொண்டாள், அதெல்லாம் கேட்டா எடுத்துக்கொள்கிறார்கள்?

போவதற்கு முந்தின நாள் ஞாயிறு. அணைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது நாலு மணி இருக்கும். ஆடிக்காற்று ஆளைத் தூக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். தாரணி இன்ஜினை அணைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு அம்மாள் ஜன்னலில் குனிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் போடட்டுமா என்று கேட்டாள். தாரணி என்ன என்பது போல் பார்த்தாள். அந்த அம்மாள் இன்னொரு தடவை கேட்டாள், இன்னும் சத்தமாகக் கேட்டாள். தாரணி பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டு அப்போதுதான் முடிந்திருந்ததால், காதை மூடியிருந்த தலைமுடியை ஒதுக்கி, உள்ளேயிருந்து எதையோ உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போடுங்கக்கா என்றாள். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு வீசு வீசியது. கையிலிருந்தது பறந்து, சீட்டைத் தாண்டி, நாச்சிமுத்துவின் முழங்காலில் வந்து விழுந்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். பஞ்சு. ஒரு சொட்டு எண்ணெய் தோய்த்து, உள்ளங்கையில் உருட்டி, எலிவால் மாதிரி முறுக்கு விட்ட பஞ்சு. இந்த ஊரில் மில் ஆட்களைத் தவிர யாரும் பஞ்சை இப்படி உருட்டமாட்டார்கள். மில்லுக்குப் போகிற காலத்தில் அவர் வாசப்படியில் உருட்டுவதைப் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்து, தன் பொம்மையின் காதுக்கும் ரெண்டு உருட்டி வைக்கிற ஒரு சிறு பெண்ணைத் தவிர.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே டேப் திரும்பி, முதல் பாட்டு ஆரம்பித்தது. கைக்குள் பஞ்சு பெரிதானது, அதாவது கை சின்னதானது. பக்கத்தில் தெய்வானை ரெட்டைச் சடையோடு ஒன்பது வயசானாள். முன்சீட்டைப் பார்த்தார். ஸ்டியரிங் இருந்தது. அதற்குப் பின்னால் தலையைக் காணோம்.

வெள்ளரிப்பிஞ்சு அம்மாள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, பாப்பா" என்று கூடையை இறக்கி வைத்தாள்.

பத்து வருஷமாகப் படி ஏறவே முனகுகிற நாச்சிமுத்து ஒரே தாவில் முன்சீட்டுக்குத் தாவினார். பதினோரு வயசுக்கு அதெல்லாம் ஒரு காரியமா? டிரைவர் சீட்டில், மூன்று வயசுத் தாரணி காலை நீட்டி உட்கார்ந்து, மாட்டிக்கொண்ட திருட்டு முழி முழித்தாள். முழித்துக்கொண்டே பாடினாள். அவளால் நிறுத்த முடியவில்லை. ழகரம் வராத நாக்கில், பல்லவி, அனுபல்லவி, நடுவில் வருகிற வயலின், தபலா உருட்டல், ஒன்றையும் விடாமல் பாடினாள். நாச்சிமுத்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பதினோரு வயசு மடி, கொஞ்சம் சின்னதுதான். ரெண்டாவது சரணம் வந்தது. ஆறு மலையிலிருந்து இறங்கியது, பாறையில் விழுந்து எழுந்தது, கடலுக்கு ஒரு அடி இருக்கும்போது, டேப்பில் சத்தம் வருவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே அந்தப் பிள்ளை நாக்கால் 'டக்' என்று ஒரு சொடுக்குப் போட்டுவிட்டு, நேராகப் புல்லாங்குழலுக்குப் போய்விட்டது.

நாச்சிமுத்து அழுதுவிட்டார். அந்த வயசில் அழுகை சட்டென்று வந்துவிடுகிறது, அதற்கு அவர் என்ன செய்வார். "எத்தன நாளா கண்ணு, இது?" என்று கேட்டார்.

"எல்லா நாளும்ப்பா" என்றாள் தாரணி மழலையில். "நானும் சின்னதாயிட்டா வண்டிய யாருப்பா ஓட்டுவாங்க?"

ரயில் போய்விட்டது. கேட்டும் தூக்கியாகிவிட்டது. பின்னால் நின்ற பழனி பஸ் ஒரு ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார், மூன்று குழந்தைகள் ஒரு அம்பாசிடரில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு விஷயத்தைப் புரிந்துகொண்டு, திரும்பிப் போய் பஸ்ஸையும் அதற்குப் பின்னால் நின்றவற்றையும் ஒவ்வொன்றாக ஓரமாக விலகிப் போகச் சொல்லிக் கைகாட்டினார். இன்னும் ஒரு சரணம் இருக்குதுங்க என்று லாரிக்காரரிடம் சொன்னார். லாரிக்காரர், மெதுவா முடியட்டும் என்று அவரும் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டு முடிந்தபோது டிரைவர் சீட்டில் இருபத்திரண்டு வயசுப் பெண் அறுபது வயசு அப்பா மடியில் நசுங்கி உட்கார்ந்திருக்க, முதுகு பட்டு ஹாரன் அலறியது. அடுத்த பாட்டு வருவதற்குள் தாரணி கையை நீட்டி டேப்பை நிறுத்தினாள். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு இறங்கி, ஏறி, அவரவர் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பின்சீட்டில் தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாசம் ரெண்டு பொட்டலம் பஞ்சு எங்க போவுதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா நீங்க?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாம?"

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. அப்புறம் அந்தப் பென்டிரைவை ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டார். தாரணி வெளியே பார்த்துக்கொண்டு, "போட்டுக் கேட்டம்ப்பா. அதுல டக் இல்ல. ஆறு நேராப் போயிக் கடல்ல சேந்துருது. அது வேற யாரோ பாட்டு" என்றாள். வேண்டுமானால் கேசட்டையே எடுத்துப் போ கண்ணு என்றார் அவர். அங்க எதுலப்பா போடறது, அது கார்லயே இருக்கட்டும், நான் வந்து கேக்கறேன் என்றாள்.

இனி வீடு வரைக்கும் பாட்டில்லாமலே போகலாம் என்று அவர் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டேப்பை ஓட்டி, அதே பாட்டின் ஆரம்பத்தில் கொண்டுவந்து வைத்தாள். தெய்வானை கைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தாள். நாச்சிமுத்து ஒரு பிடி பஞ்சை வாங்கி, எண்ணெய்க்குத் தன் தலையிலேயே விரலைத் தேய்த்து, மில்லுக்குப் போகிற காலத்தில் உருட்டின மாதிரி ரெண்டு உருட்டி, முறுக்கு விட்டு, முன்னால் எட்டி, மகளின் முடியை ஒதுக்கி, ஒரு காதிலும் மறு காதிலும் தன் கையாலேயே வைத்தார். கேக்குதா என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. கேட்கவில்லை.

வண்டி கிளம்பியது. பாட்டு ஆரம்பித்தது. தாரணி கண்ணாடியைப் பார்த்தாள், பின்சீட்டில் ஒரு பதினொன்றும் ஒரு ஒன்பதும் இருப்பதைப் பார்த்து இன்ன பாட்டு என்று தெரிந்துகொண்டு, ரோட்டுக்குத் திரும்பினாள். அவள் வாய் அசைய ஆரம்பித்தது. ஒரு வருஷமாக அவள் என்னத்தை மென்றுகொண்டிருக்கிறாள் என்று நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு இறங்கி வந்தது, பாறையில் விழுந்து எழுந்தது, கடலுக்கு ஒரு அடி இருந்தபோது, எதுவும் கேட்காத அந்தப் பெண்ணின் உதடு ஒரு தாவு தாவிப் புல்லாங்குழலுக்குக் குவிந்தது.